தணிகைப் படிகளும் அடியார் கேண்மையும்

பிறந்த ஊரை நீங்கி வேற்றூர் சென்று வாழ நேர்ந்தவர்க்குப் பொருளினும் அரியது துணை. பொருளைத் தொழிலால் ஈட்டிக்கொள்ளலாம். இல்லத்தை வாடகைக்குப் பெறலாம். அவ்வூர் மொழியையும் சில திங்களிற் கற்றுக்கொள்ளலாம். நோயுற்ற காலத்து வாயிலில் வந்து வினவுவார் ஒருவரையும், நன்மை நேர்ந்த காலத்து உடன் மகிழ்வார் ஒருவரையும் விலைகொடுத்துப் பெறுதல் இயலாது. தாய்நாட்டிற் பல தலைமுறையாகத் தாமே அமைந்து கிடந்த உறவும் நட்பும், அயல்நாட்டில் ஒவ்வொருவரும் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டுவனவாய் விடுகின்றன. அத்தேட்டம் எவ்வாறு செவ்விதின் நிறைவேறும் என்பது, மக்கள் ஊர்விட்டு ஊர் பெயரத் தொடங்கிய நாள்முதல் இருந்துவரும் வினாவாகும்.

சைவசித்தாந்த சாத்திரம் இவ்வினாவைக் காணாது விட்டதன்று. சிவஞானபோதத்தின் இறுதியில் நிற்கும் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவப் பெற்ற ஞானியும் அன்பரொடு கூடி வாழ்தலையும், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனெனவே கண்டு தொழுதலையும் விதித்தமை சைவ நன்மக்கள் அறிந்ததே. சீவன்முத்தராகிய பெரியோர்க்கே அன்பர் கூட்டம் இன்றியமையாததெனின், அயலூரில் தனித்து நிற்கும் எளிய உயிர்க்கு அஃது எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, இணக்கம் இருவகைப்படும். ஒன்று, தனக்கு வரும் பயனை நோக்கி மேலோரை நாடிச் செல்வது. மற்றொன்று, தானும் பிறரும் ஒன்றனை அன்பு செய்தலால் ஒருவரோடொருவர் அன்பராவது. முன்னையது பயன் நீங்கியவிடத்துத் தானும் நீங்கும், பின்னையது நீங்காது. இவ்விரண்டன் வேறுபாட்டைத் தெள்ளிதின் விளக்கும் வரலாறொன்று திருத்தணிகை மலைப்படிகளின்மேல் நிகழ்ந்துள்ளது. அதனையும், அதனோடொத்த பிற நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியபுராணங் காட்டும் நெறி

முதற்கண், முன்னோர் காட்டிய நெறியை நோக்குதல் தகும். திருநாவுக்கரசு நாயனார் திங்களூரின் வழியே சென்றபோது, தாம் அறியாத அவ்வூரில் தம் பெயரால் ஒரு தண்ணீர்ப்பந்தர் விளங்கக் கண்டார். அதனை அமைத்தவர் அப்பூதியடிகள். அவர் நாவரசரை ஒருநாளும் கண்டவரல்லர். எனினும் தம் மக்கட்கும், மனையிலுள்ள பிறவற்றிற்கும் அத்திருப்பெயரே இட்டு வழங்கினார். அவர் அந்தணர், நாவரசர் வேளாளர். குலமும் ஊரும் வேறாகிய ஒருவரை, முகங்காணு முன்னரே தம் இல்லத்திற்கு உரியவராக்கி வைத்திருந்த அன்பு அது. புதியவராய் வந்தவர் நட்பைத் தேடியலையாமல், அவ்வூரில் வாழ்ந்தவரே முன்னதாக நிழலும் நீரும் அமைத்துக் காத்திருந்தனர் என்பது இவ்வரலாற்றிற் கருதத்தக்கது.

சேரமான் பெருமாள் நாயனார் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டும். நாள்தோறும் பூசை முடிவிற் கேட்கும் திருச்சிலம்பொலி ஒருநாள் காலந்தாழ்த்தது. தில்லையில் வன்றொண்டர் பாடிய பாட்டைக் கேட்டு உவந்தமையால் தாழ்த்தது என இறைவன் உணர்த்தியருளினான். அது கேட்ட சேரர்பெருமான் அப்பாட்டிற்குரியவரைக் காணும் பொருட்டுத் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டுத் தில்லை வணங்கித் திருவாரூர் எய்தினார். இருவரும் தோழராயினர், பாண்டிநாட்டுத் தலங்களை உடன் வழிபட்டனர், பின்னர் நம்பியாரூரர் மலைநாடு சென்று மகோதையாகிய கொடுங்கோளூரில் சேரர் அரண்மனையிற் பன்னாள் தங்கினார். அரசரும் ஆதிசைவரும் ஆகிய அவ்விருவரையும் பிணித்தது பாட்டு. முகம் அறிதற்கு முன்னே பாட்டு அறியப்பட்டது. பாட்டின் வழியே நட்புப் பிறந்தது.

ஆகவே பெரியபுராணத்தின் வழி இரண்டு உண்மைகள் பெறப்படும். புதியவரை ஏற்கும் கடமை முன்னரே வாழ்வார்க்கு உண்டு என்பது ஒன்று. பொதுவாகிய வழிபாடும் பாட்டுமே அயலாரை உறவினராக்கும் என்பது மற்றொன்று. பிற்கால நிகழ்ச்சிகள் யாவும் இவ்விரண்டற்கும் சான்றாதல் மேற்காணப்படும்.

தணிகையின் இயல்பு

திருத்தணிகை, முருகப்பெருமான் வெகுளி தணிந்து அமர்ந்த மலையாதலின் அப்பெயர் பெற்றது என்பர். அருணகிரிநாத சுவாமிகள் பல திருப்புகழ்ப் பாக்களால் அதனைப் பரவியுள்ளார். தமிழ்நாட்டின் வடவெல்லையில், திருவேங்கடத்திற்கு அணித்தாக அமைந்த அவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் வழங்கும். ஆடிக் கிருத்திகையன்று மலர்க்காவடி சுமந்து வருவாரில் இருமொழியாரும் உளர். அத்தகைய எல்லையூர்கட்கு ஓர் இயல்புண்டு. அங்கே வருபவன் எந்நாட்டானாயினும் முற்றிலும் அயலானாகான். அங்கே பிறந்தவனும் வேற்று மொழியைக் கேட்டு வெருவான்.

அவ்வூரிற் பிறந்து அயலூர்களை ஊராக்கிக் கொண்டவருட் சிறந்தவர் கச்சியப்ப முனிவர். தணிகையில் தோன்றிய அவர், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து சிவஞான முனிவர்க்கு மாணவராயினார். ஆசிரியர் பொதிய மலைச் சாரலின் விக்கிரமசிங்கபுரத்தவர். மாணவர் வடவெல்லையின் தணிகையவர். இருவரும் கூடியது காவிரி நாட்டில். ஆசிரியர் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் பாட, மாணவர் இரண்டாங்காண்டம் பாடினார். மாணவர் தம் ஊர்க்குத் தணிகைப் புராணம் பாடியதோடு, கொங்குநாட்டுப் பேரூர்க்கும், சோணாட்டுத் திருவானைக்காவிற்கும் புராணம் பாடினார். தாம் சென்ற ஊரின் பெருமையை அவ்வூராரினும் நன்கு கற்று அவர்க்கே எடுத்துரைத்தலினும் சிறந்த நட்புரை வேறில்லை. 1790-ஆம் ஆண்டில் காஞ்சியில் அவர் இறைவனடி எய்தினார்.

அவ்வூர்க்குப் புதியவராய் வந்து பயன்பெற்றவருள் முத்துசுவாமி தீக்ஷிதர் குறிக்கத்தக்கவர். 1775-ஆம் ஆண்டில் திருவாரூரிற் பிறந்த அவர், தந்தையாராகிய இராமசுவாமி தீக்ஷிதரோடு சென்னைக்கு அணித்தாகிய மணலியில் இளமையைக் கழித்தார். மணலி முதலியார் குடும்பத்தார் அவர்களை ஆதரித்தனர். அவர் தொடர்பாற் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாத்திய இசையைக் கேட்டு, அம்மெட்டுக்களுக்கு இறைவனைப் பற்றிய வடமொழிப் பாடல்களை இயற்றினார். அவர் தம்பியாராகிய பாலுசுவாமி தீக்ஷிதர் பிடில் வாத்தியத்தைப் பயின்று தென்னாட்டிசைக்கு உரியதாக்கினார். சிதம்பரநாத யோகிகளோடு காசியிற் சில ஆண்டு வாழ்ந்து மீண்டபின் அவர் நாடிவந்த தலம் தணிகை. அவர்தம் முதற் கீர்த்தனம் அங்கே தோன்றியது என்பதும், குருகுக என்னும் முத்திரை அவ்வழிபாட்டைக் காட்டுவது என்பதும் இசை மரபினர் கூறுவன. திருவாரூரும் மணலியும் காசியும் கண்டுவந்த ஓர் இளைஞர்க்கு அம்மலை தாயகமாயிற்று.

ஆண்டுப் பிறப்பும் துரைமார் காட்சியும்

19-ஆம் நூற்றாண்டிற் புகைவண்டிப் பாதை மக்களின் வாழ்வை மாற்றியது. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து அரக்கோணத்தின் வழியே வாலாஜா வரை முதற்பாதை திறக்கப்பட்டது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களில் ஆங்கிலங் கற்றோர் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னையிற் குடியேறினர். அவர்க்குச் சென்னையும் ஓர் அயல்நாடே. பிறந்த ஊர்க் கோயிலும், தெருவும், உறவும் தொலைவில் இருந்தன. அருகில் இருந்தவை கச்சேரியும், மேலதிகாரியின் மனமும் மட்டுமே. மேலதிகாரியின் நன்மதிப்பே அவர்க்குத் துணையெனத் தோன்றியது வியப்பன்று. அதனால் ஆங்கில ஆண்டுப் பிறப்பன்று மாலையும் பழமும் ஏந்தித் துரைமாரின் மாளிகை வாயில்களில் நின்று காண்பது அவருள் வழக்கமாயிற்று.

முற்கூறிய இருவகை இணக்கங்களுள் முதலாவதற்கு இவ்வழக்கம் நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒரே வாயிலிற் பலர் நின்றனர். ஆயினும் ஒருவரோடொருவர் கூடி நின்றாரல்லர். ஒருவர்க்குக் கிடைக்கும் தயவு மற்றவர்க்குக் குறைவாகுமாதலின், அருகில் நிற்பவர் தோழராகாமற் போட்டியாளராயினர். துரை மாறினால் அவ்வாயிலும் மாறும். ஆண்டுதோறும் சென்றும் ஒருவரும் ஒருவர்க்கும் நண்பராயினாரல்லர்.

இதனை மாற்றியவர் வள்ளிமலைச் சுவாமிகள் என வழங்கும் திருப்புகழ் சச்சிதானந்த சுவாமிகள். 1870-ஆம் ஆண்டிற் கொங்குநாட்டுப் பவானியை அடுத்த பகுதியிற் பிறந்த அவர்க்கு அர்த்தநாரி என்பது இளமைப் பெயர். கன்னட நாடாகிய மைசூர் சென்று அரண்மனையிற் சமையற்பணி செய்து வாழ்ந்தார். வேற்றூர் வாழ்க்கையின் தனிமை அவர்க்குப் புதிதன்று. வயிற்றுநோய் வருத்தவே பழனியை அடைந்து வழிபட்டார். அங்கே திருப்புகழின் இனிமை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னர்த் திருவண்ணாமலையில் இரமண மகரிஷிகளையும் சேஷாத்திரி சுவாமிகளையும் அடைந்து, திருப்புகழே தமக்குரிய மந்திரமெனத் தெளிந்து, வள்ளிமலையில் தங்கினார். பள்ளிக்கல்வி மிகுதியும் பெறாத அவர், நடுவயதின்மேல் முயன்று திருப்புகழைப் படித்துப் பாடினார் என்பது அவர் அன்பின் உறுதியைக் காட்டும்.

அவர் பாடுதற்கு நூல் கிடைத்ததும் ஓர் உத்தியோகஸ்தரின் தொண்டினாலேயே. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஜில்லா முனிசீப்பாக இருந்தவர். சிதம்பரத்துத் தீக்ஷிதர்கள் நீதிமன்றத்தில் அளித்த பத்திரமொன்றிற் காட்டப்பெற்ற திருப்புகழ்ப் பாட்டைக் கேட்டு உருகிய அவர், அந்நூல் முழுதையும் தேடித் தொகுக்கத் துணிந்தார். உத்தியோக மாற்றத்தால் ஊர்தோறும் புதியவராய்ச் சென்றவர்க்கு, ஏடு தேடும் வேட்கையே ஊர்தோறும் அன்பரைத் தேடித் தந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர் திருப்புகழை அச்சிட்டு வெளியிட்டார். தணிகை முருகனின் திருப்பெயராகிய செங்கல்வராயன் என்பதையே தம் மைந்தர்க்கும் இட்டார். அம்மைந்தரே திருப்புகழுக்கு உரைகண்டு உலகிற்கு உதவிய வ. சு. செங்கல்வராய பிள்ளை.

இந்நிலையில், சென்னை அன்பர் சிலர் ஆண்டுப் பிறப்பில் துரைமாரைக் காணச் செல்லும் வழக்கத்தைச் சுவாமிகள் அறிந்தார். துரைகட்கெல்லாம் துரையாய்த் தணிகைமலைமேல் ஒருவன் நிற்க, வேறு வாயிலில் நிற்பது எற்றுக்கு என்னுங் கருத்துப்பட அவர்க்கு அறிவுறுத்தினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. அவ்வாறே 1917-ஆம் ஆண்டு முடிந்து 1918-ஆம் ஆண்டு பிறக்கும் வேளையில், அன்பர்களை அழைத்துக்கொண்டு திருப்புகழ் பாடியவண்ணம் தணிகைமலைப் படிகளில் ஏறினார். திருப்புகழ்ப் படித்திருவிழா இங்ஙனம் தோன்றியது. சுவாமிகள் 1950-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிய விழா ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது.

படித்திருவிழாவின் பொருள்

தணிகைமலைப் படிகள் 365 என்ப. அவை ஓராண்டின் நாட்களைக் குறிக்கும் என்பதும் மரபு. விழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி, அடுத்த படிக்கு ஏறுவர். கண்டோர்க்கு இஃது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் நட்பு உண்டாதற்கு வேண்டுவன யாவும் இதன்கண் அமைந்திருத்தல் ஆராய்வார்க்குப் புலனாகும்.

முதலாவது, இங்கே யாரும் விரைந்து செல்லல் இயலாது. உயர்ந்த உத்தியோகத்தரும் கடைநிலை ஊழியரும் ஒரு படியில் ஒரே பாட்டு முடியுமளவும் உடன் நிற்றல் வேண்டும். இரண்டாவது, பாட்டறிந்தவர் முன்னே பாட, அறியாதவர் பின்னே பாடுவர். புதிதாக வந்தவன் தன் அறியாமைக்கு நாணாமற் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது, முதியவர் தளர்ந்தால் இளையவர் கைகொடுத்து ஏற்றுவர். பெயர் கேட்பது அதன் பின்னரே நிகழும். நான்காவது, மலையுச்சியிற் பெறும் அருள் பங்கிடுதலாற் குறைவதன்று. துரையின் தயவு ஒருவர்க்குக் கிடைத்தால் மற்றவர்க்குக் குறையும். இறைவன் திருவருளோ பலர் கூடிப் பெறுந்தோறும் ஒவ்வொருவர்க்கும் நிறைந்தே நிற்கும். போட்டிக்கு இடமில்லாத இடத்திலேயே கேண்மை முளைக்கும்.

மறுவாண்டு அதே நாளில் அதே படியில் அம்முகங்களை மீண்டும் காணும்போது, அவர் அயலாராகத் தோன்றார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு குறித்த இடத்திற் கூடுதல் என்னும் நியமம், வேற்றூர் வாழ்வார்க்குப் பிறந்த ஊர்த் திருவிழாவின் இடத்தை நிரப்புவதாகும்.

கடல்கடந்த நாடுகளில்

சென்னை சென்றோர் நிலை இதுவாயின், கடல்கடந்து சென்ற எளியோர் நிலை யாது? 1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையினின்று புறப்பட்ட டுரூரோ என்னுங் கப்பல், 342 பேரைச் சுமந்து, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் நாட்டிற்குச் சென்ற இந்தியருள் முதற்கூட்டத்தார் அவரே. பின்வந்த கப்பல்களிற் சென்றோருட் பலர் வடஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தவர். திருத்தணிகையும் அக்காலத்து அந்த ஜில்லாவிலேயே இருந்தது. தணிகைமலையைக் கண்டு வளர்ந்த சுற்றுப்புறத்தாரும் அக்கப்பல்களிற் கடல்கடந்த நாட்டாருள் அடங்குவர்.

அவர்க்குக் கோயிலும் இல்லை, சுற்றமும் இல்லை. கப்பலில் உடன் வந்தவரே முதற்சுற்றமாயினர். வெவ்வேறு சாதியாரும் ஊராரும் ஒரே தட்டில் உண்டு உறங்கி வந்தமையால், கரை சேர்ந்தபின் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகவே கருதினர். இந்தி பேசுவோர் அவ்வுறவை ஜஹாஜி பாய், அஃதாவது கப்பல் உடன்பிறப்பு, என வழங்கினர். மோரீசு, பிஜி முதலிய தீவுகளிலும் இவ்வுறவு பேணப்பட்டது. எனினும் கப்பலுறவு ஒரு தலைமுறையோடு ஓய்வதற்குரியது. தோட்டந்தோறும் தகரத்தாலும் மரத்தாலும் சிறு கோயில்கள் எழுப்பி, காவடி எடுத்து, தீமிதித்து வழிபடத் தொடங்கியபோதே அவ்வுறவு பிள்ளைகட்கும் பேரர்கட்கும் உரியதாயிற்று.

மலேயாவிற் கோலாலம்பூரை அடுத்த பத்துமலைக் குகையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முருகன் கோயில் கண்டவர் தம்புசாமி பிள்ளை; அவர் 1850-ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிற் பிறந்த தமிழர். அங்கும் வழிபாடு படியேறுதலாகவே அமைந்தது. முதலில் மரப்படிகளும், 1940-ஆம் ஆண்டில் 272 காரைப்படிகளும் அமைந்தன. ரப்பர்த் தோட்டத்திற் கங்காணியின் கீழ் வாழ்ந்தோர், தைப்பூசத்தன்று பிற தோட்டத்தாரைக் கண்டு அளவளாவிப் பெண்கொண்டும் கொடுத்தும் உறவாயினர். ஆண்டிற்கு ஒருநாளேனும் தோட்டத்தின் எல்லை அவர்க்கு உலகின் எல்லையன்றாயிற்று.

பிஜித் தீவின் வரலாறு தணிகையோடு ஒப்பிடற்கு இன்னும் ஏற்றது. தென்னாட்டார் 1903-ஆம் ஆண்டுமுதல் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். தமிழர், தெலுங்கர், மலையாளர் என்னும் மூவரும் அவருள் இருந்தனர். ஒப்பந்தமுறை ஒழிந்தபின், தாமும் ஒப்பந்தக் கூலியாக வந்து துறவு மேற்கொண்ட சாது குப்புசாமி, 1926-ஆம் ஆண்டு நாடி என்னும் ஊரிற் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். மும்மொழியாரும் ஒரு சங்கத்தாராய்ப் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கண்டனர். எல்லையூராகிய தணிகையின் கடைத்தெருவில் இயல்பாய் நிகழ்ந்த ஒற்றுமை, கடலுக்கப்பால் முயற்சியால் நிலைநாட்டப்பட்டது.

உடலுழைப்பாளர் மட்டுமன்றிக் கல்வியாளரும் கடல்கடந்து புதியவராய் நின்றனர். 1888-ஆம் ஆண்டு திருத்தணிகையிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1936-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் கீழைநாட்டுச் சமயங்கட்கும் அறநெறிக்கும் பேராசிரியராயினார். அதற்குமுன் 1926-ஆம் ஆண்டிலேயே அந்நகரத்து மான்செஸ்டர்க் கல்லூரியில் இந்து சமயத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அக்கல்லூரியின் கிறித்துவ வழிபாட்டுக் கூடத்திலும் பேசினார். அவர்தம் கொள்கை சித்தாந்தத்தின் வேறாயினும், அவர் வாழ்க்கை ஓருண்மையைக் காட்டும். தன் சமயத்தை மறைத்து அயலார்க்கு இனியனாக முயன்றாரல்லர். அதனை அவர்க்கு விளங்க உரைத்தே அவருள் நண்பரைப் பெற்றார். தன்னுடையதைக் கைவிட்டவனிடம் அயலார் பெறுதற்கு ஒன்றுமில்லை.

தில்லி மாநகரில்

1911-ஆம் ஆண்டு இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் மத்திய அரசாங்க அலுவலகங்களை நாடித் தமிழர் பலர் அங்கே குடியேறினர். மொழியும் உணவும் குளிரும் வேறாகிய அந்நகரில், அரசாங்க விடுதிகளின் சிறு அறைகளே அவர்க்கு இருப்பிடமாயின. 1950-களின் இறுதியில் ஏ. எஸ். இராகவன் என்னும் அன்பர் அங்கே திருப்புகழைப் பண்ணொடு கற்பிக்கத் தொடங்கினார். அவர்வழித் தோன்றிய திருப்புகழ் அன்பர்கள் என்னும் அமைப்பிற் கட்டணம் இல்லை. இல்லந்தோறும் கூடிக் கற்றனர். கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர். உத்தியோகம் மாறிப் பம்பாய்க்கும் பெங்களூர்க்கும், பின்னர் வெளிநாடுகட்கும் சென்றோர், அவ்வவ்விடத்தும் அதே பாட்டுக்களை அதே முறையிற் பாடும் குழுவினைக் கண்டனர், இல்லாவிடத்துத் தாமே தொடங்கினர். 1973-ஆம் ஆண்டிற் குடமுழுக்குப் பெற்ற தில்லி மலைமந்திர் என்னும் சுவாமிநாதன் திருக்கோயில் அவ்வன்பர் பலர்க்குக் கூடுமிடமாயிற்று.

புதிய நகரில் இறங்கிய ஒருவர், தாம் அறிந்த பாட்டு ஓர் இல்லத்தினின்று ஒலிக்கக் கேட்டு உட்புகுந்தால், அவரை இன்னார் என வினவுமுன் இடம் விலக்கி அமர்த்துவர். திங்களூர்த் தண்ணீர்ப்பந்தர் செய்த தொண்டினை இக்காலத்து அத்தகைய இல்லங்கள் செய்கின்றன.

தடையும் விடையும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். தம் ஊரார், தம் சாதியார், தம் மொழியார் என்று கூடினாலும் துணை கிடைக்குமன்றோ. இறைவன் பெயராற் கூடுதற்கு வேறு சிறப்பு யாதெனின், கூறுதும். ஊராலும் சாதியாலும் கூடுங்கூட்டம், தன்னகத்தார்க்குத் துணையாவது போலவே புறத்தார்க்கு மதிலாகவும் நிற்கும். இறைவன் பெயராற் கூடுங்கூட்டத்தில் அத்தகைய மதிலுக்கு நூல்வழி இடமில்லை. திருத்தொண்டத்தொகை போற்றும் அடியாருள் அரசர், அந்தணர், வணிகர், குயவர், வண்ணார், பரதவர், வேடர் அனைவரும் உளர்.

அங்ஙனமாயின், கோயில்களே பலரைப் புறத்தே நிறுத்தினவன்றோ என்பது இரண்டாவது தடை. இதனை மறுத்தல் இயலாது. திருநாளைப்போவாரை நாயனாரெனப் போற்றிய சமயத்தவரே, அவர் மரபினரைத் திருக்கோயில் வாயிலுக்குப் புறத்தே நிறுத்தினர். 1939-ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவ்வழக்கம் தகர்ந்தது; 1947-ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் கோயில்களை எல்லார்க்கும் உரியவாக்கியது. அதுகாறும் அடியார் கூட்டம் எனப்பட்டது குறைக்கூட்டமே. உள்ளூரிற் பிறந்து வளர்ந்தவரையே அயலாராக்கிய சமுதாயம், வெளியூரிலிருந்து வந்தவர்க்கு எங்ஙனம் முழுத்துணையாகும்? குற்றம் நெறியினது அன்று, நெறியை நெகிழவிட்டவரது என்பது உண்மையே. ஆயினும் அவ்விடை சொல்லி அமைதல் போதாது. நெகிழ்ந்ததனை இறுக்குவதே தகுதி.

பிஜித் தீவின் பின்வரலாறும் இதற்குச் சான்று. மும்மொழியாரையும் ஒன்றாக்கிய சங்கத்தினின்று, தம்மொழி பேணப்படவில்லை எனக் கருதிய தெலுங்கர் 1941-ஆம் ஆண்டிற் பிரிந்து தமக்கெனத் தனிச்சங்கம் கண்டனர். சிறுபான்மையாய் உடன்வந்தாரின் மொழிக்கும் முறைக்கும் உரிய இடம் அளியாதவிடத்து, ஐக்கியம் என்னும் பெயர் மட்டும் மக்களைப் பிணித்து வைக்காது.

தணிகையும் எல்லைப்பூசலைக் கண்டதே. 1953-ஆம் ஆண்டு ஆந்திர நாடு தனியாயபோது, சித்தூர் ஜில்லாவோடு அவ்வூரும் அதனுட் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்கெனப் பெரிதும் போராடினர். பின்னர் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிகை சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. எல்லை முன்னும் பின்னும் நகர்ந்த அவ்வாண்டுகளிலும் ஆடிக் கிருத்திகைக்கு வருவாரும், திருப்புகழ் பாடிப் படியேறுவாரும் ஒழிந்தாரில்லை. அரசாங்கத்தின் கோடு கீழே செல்ல, அடியார் கூட்டம் மலைமேற் சென்றது.

அப்பாலும் அடிச்சார்ந்தார்

திருத்தொண்டத்தொகையில் தனியடியார் அன்றித் தொகையடியாரும் போற்றப்படுவர். அவருள் அப்பாலும் அடிச்சார்ந்தார் என்பார் ஒரு தொகையினர். மூவேந்தர்க்குரிய தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் உள்ளவராயினும் இறைவன் திருவடியைச் சார்ந்தோரையும், அடியார்கள் வாழ்ந்த காலத்திற்கு முன்னும் பின்னும் அத்திருவடியைச் சார்ந்தோரையும் அப்பெயர் குறிக்கும் எனச் சேக்கிழார் விளக்கியருளினார். ஆகவே, இன்னும் பிறவாதவரும், இன்னும் அறியப்படாத நாட்டில் வாழ்பவரும், நம்பியாரூரரால் முன்னரே வணங்கப்பட்டு விட்டனர். கடல்கடந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்தவரும், குளிர்நாட்டு நகரத்தில் தனியறையில் வாழ்பவரும் அத்தொகையின் புறத்தாரல்லர்.

இதனை உணர்ந்தார்க்கு இருவகைக் கடமை உண்டு. புதியவராய் ஓர் ஊர்க்குச் செல்பவர், பயன்தரும் வாயில்களைத் தேடி நிற்றலை விடுத்து, அவ்வூரில் இறைவனைப் பாடுவார் எங்குக் கூடுகின்றனர் என்பதை முதலில் வினவுக. அங்கே தாம் அறிந்ததைக் கொடுத்து, அறியாததைக் கேட்டுக் கொள்க. பல்லாண்டு ஓரூரில் வாழ்பவர், புதியவர் தம்மைத் தேடிவரும்வரை வாளா இராது, அப்பூதியடிகளைப் போல முன்னரே நிழல் அமைத்து வைக்க. வந்தவரின் ஊரையும் குலத்தையும் வினவுமுன் இருக்கை அளிக்க. பின்னைய கடமையே பெரிது. புதியவர்க்கு வழி தெரியாது. தெரிந்தவரே வாயிலைத் திறத்தல் வேண்டும்.

ஆண்டிறுதி நாளில் தணிகைமலை அடிவாரத்தில் நிற்பவருள், முதன்முறை வந்தவர் எவரேனும் ஒருவர் இருப்பர். அவர்க்குப் பாட்டுத் தெரியாதிருக்கலாம். அருகில் நிற்பவரைத் தெரியாதிருக்கலாம். முதற்படியிற் பாட்டுப் புத்தகத்தை அவர்பால் சற்றே சாய்த்துக் காட்டுபவரே அடியார்.